மாற்றச் சொன்ன பாட்டு

காலை 6.10. ஆனையூரில் வீட்டு வாசலில் நின்று மூன்றாவது முறையாகச் செருப்பை மாட்டினேன். முதல் இரண்டு முறையும் எதையோ மறந்தவன்போல உள்ளே போய், ஒன்றும் எடுக்காமல் திரும்பி வந்திருந்தேன். என் மனைவி ரஹ்மத் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கல்யாணத்துக்குப் போறீங்களா, கோர்ட்டுக்குப் போறீங்களா? மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு?"

என் வரையில் அது கோர்ட்டுதான். பேரையூருக்குப் பக்கத்து ஊரில் செல்வியின் மகளுக்குக் கல்யாணம். செல்வி என் கல்லூரித் தோழன் முருகேசனின் தங்கை. அவளுடைய கல்யாணத்துக்குப் போய்வந்தவன், அதற்குப் பிறகு இருபத்துநான்கு வருடங்களாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. போன வாரம் அவளே போன் செய்தாள். "அண்ணே, நீங்க வந்தே ஆகணும்" என்று சொல்லி, நான் சாக்குச் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

7.40. பெரியார் நிலையத்திலிருந்து திருமங்கலம் வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தும் நின்றேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிறது, பக்கத்தில் இருப்பவர் முறைக்கிறார். திருமங்கலத்தில் பேரையூர் போகும் தனியார் பேருந்து. ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீட்டர், டிக்கெட் முப்பது ரூபாய். இந்தப் பக்கத்துத் தனியார் பேருந்துகளில் டிக்கெட்டுக்கு முன்னால் பாட்டு வந்துவிடும்.

முதல் பாட்டுக்கே நாகமலை புதுக்கோட்டை வந்துவிட்டது. பேருந்து போவது தெற்கே, நான் நினைப்பில் போனது மேற்கே. பல்கலைக்கழக விடுதி, பங்குனி வெயில், ஒரே சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அது காயும்வரை பனியனோடு உட்கார்ந்து பாடும் முருகேசன். ஊரார் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவன். இரண்டாவது பாட்டு ஆனையூருக்குக் குடிவந்த ஐப்பசி. தெருவெல்லாம் கணுக்கால் தண்ணீர். காய்ச்சலில் அனத்திய மூத்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அதை முணுமுணுத்தபடி கூடத்துக்குள்ளேயே நடந்தேன். இன்றும் அதைக் கேட்டால் எனக்கு ஈரச் சுவர் வாடை அடிக்கும்.

மூன்றாவதாக ஒரு புல்லாங்குழல் தொடங்கியது. கேட்டதும் கத்திவிட்டேன்.

"கண்டக்டரண்ணே, இந்தப் பாட்ட மாத்துங்கண்ணே!"

"ஏண்ணே, தங்கமான பாட்டுல்ல?"

"மாத்துங்கண்ணே, புண்ணியமாப் போகும்."

முன்சீட்டில் பூக்கூடையோடு இருந்த அக்கா திரும்பிப் பார்த்தார். "எம்புட்டு நாளைக்கப்புறம் போட்டிருக்காக, இவருக்கு என்னவாம்?"

"காதல் தோல்வியா இருக்கும்க்கா" என்றார் கண்டக்டர்.

"இந்த வயசுலயுமா?"

பேருந்தே சிரித்தது. டிரைவர் பாட்டை மாற்றினார்.

அது ஒரு காலத்தில் எனக்கு உயிரான பாட்டு. பழைய சினிமாப் பாட்டுதான், பிரிந்து போகும் ஒருத்தியைப் பற்றியது. அந்தக் கேசட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிவேன். செல்வியின் கல்யாணத்தன்று மைக் செட்காரர் "செத்த பாத்துக்கங்க தம்பி" என்று என்னிடம் விட்டுவிட்டு இட்லி சாப்பிடப் போனார். கை சும்மா இருக்குமா? என் கேசட்டைப் போட்டேன். அதே நேரத்தில் செல்வி மாலையும் கழுத்துமாக வீட்டுப் படி இறங்கினாள்.

அப்போதெல்லாம் அந்த ஊரில் யாராவது இறந்தால், உடலைத் தூக்கும்போது மைக் செட்டில் போடுவது அந்தப் பாட்டைத்தான். வேறெதற்கும் போடமாட்டார்கள். நானோ டவுனுக்குள் பிறந்து வளர்ந்த முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீடுகளில் மவுத் என்றால் பாட்டே கிடையாது. மவுத்துக்குப் பாட்டு போடும் வழக்கம் உண்டு என்பதே எனக்குத் தெரியாது. பெண்கள் அலறினார்கள். செல்வியின் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். முருகேசன் ஓடிவந்து வயரைப் பிடுங்கினான். தாலி ஏறியது, ஆனால் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. நான் சாப்பிடாமல் பேருந்து ஏறிவிட்டேன். எட்டு வருடங்களுக்கு முன் செல்வியின் புருஷன் மாரிச்சாமி நெஞ்சுவலியில் போய்விட்டதாக முருகேசன் போனில் சொன்னான். நான் துட்டிக்குக்கூடப் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

8.30. தே.கல்லுப்பட்டியில் பத்து நிமிடம் நின்றது. டீ குடிக்க இறங்கினேன். எதிரே மதுரைப் பேருந்து புறப்பட உறுமிக்கொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு காலை அதன் படியில் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து எங்கள் கண்டக்டர் கத்தினார்: "அண்ணே! உங்க பை எங்க பஸ்ல இருக்கு!"

பைக்குள் ரஹ்மத் பொதிந்து கொடுத்த பட்டுச்சேலை இருந்தது. அது இல்லாமல் வீடு திரும்பினால் அங்கே வேறு கோர்ட்டு நடக்கும். பையை எடுக்க ஏறினேன், இறங்குவதற்குள் எங்கள் பேருந்து கிளம்பிவிட்டது.

9.00. பேரையூர். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய். பந்தல் வாசலில் நரைத்த மீசையோடு முருகேசன். பார்த்ததும் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன்.

"மாப்ள! இம்புட்டு வருசம் எங்கடா போய்த் தொலைஞ்ச?" அப்படியே கட்டிக்கொண்டான்.

தாலி கட்டி முடிந்ததும் செல்வி என்னிடம் வந்தாள். சுற்றி வளைக்கவில்லை.

"அவரு செத்ததுக்கு ஏண்ணே வரல?"

"நான் போட்ட பாட்டுனாலதான் இப்பிடி ஆயிருச்சோன்னு... எந்த மொகத்தோட வர, செல்வி?"

"அடப் போங்கண்ணே! இதையா இம்புட்டு நாளாச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சீக? அன்னைக்கு ஊரே அலறுச்சு, அவரு ஒருத்தருதேன் சிரிச்சாரு. 'நல்ல பாட்டு, முழுசாக் கேக்க விடலையே'ன்னாரு. மறுவாரமே டவுனுக்குப் போயி கேசட்டு வாங்கியாந்துட்டாரு. காட்டுல இருந்து சைக்கிள்ல வரையில அதைத்தேன் விசிலடிச்சுட்டு வருவாரு. அந்தச் சத்தம் கேட்டுத்தேன் நான் தட்ட எடுத்து வைப்பேன்."

நான் பட்டுச்சேலையை எடுத்து நீட்ட, வாங்கிக்கொண்டே தொடர்ந்தாள்.

"அவரத் தூக்கையில மைக் செட்காரரு வழக்கம்போல அதப் போடப் போனாரு. நான் எந்திரிச்சுப் போயி, 'எங்கல்யாணப் பாட்ட எழவுக்குப் போடாதீக'ன்னு சொல்லிட்டேன். அதுல இருந்து இந்த ஊருல எந்த எழவுக்கும் அதப் போடுறதில்ல." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம்மக மாப்ள வீட்டுக்குக் கெளம்பப் போறா. நீங்கதேன் போடணும். அதுக்குத்தேன் போன் பண்ணுனேன்."

இப்போது கேசட் இல்லை, ஒரு மடிக்கணினி. மைக் செட்காரர் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன். புல்லாங்குழல் எழுந்தது. பெண் மாலையோடு படி இறங்கினாள். ஒருவரும் அலறவில்லை. முருகேசன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். இந்த முறை பந்தியில் உட்கார்ந்து, இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மதியம் 1.20. பேரையூரில் அதே பேருந்து, அதே கண்டக்டர். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கால் ஆடவில்லை.

"வாங்கண்ணே! பாட்டு எதுவும் மாத்தணுமா?"

"காலையில ஒண்ண மாத்தச் சொன்னேன்ல? அதையே போடுங்கண்ணே. முழுசா."