வளர்ற பிள்ளைக்கு மூணு இன்ச்

என் கணவர் தையற்காரர். பள்ளிச் சீருடை மட்டும்தான் தைப்பார். பள்ளி விடுகிற நேரத்தில் எங்கள் தெருமுனையில் நின்று பாருங்கள், சட்டைக்குள் தொலைந்துபோன பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். முழங்கைக்கு மேலேயே நிற்க வேண்டிய அரைக்கைச் சட்டை மணிக்கட்டை விசாரித்துக்கொண்டிருக்கும். அத்தனையும் என் வீட்டுக்காரரின் கைவண்ணம்.

"வளர்ற பிள்ளைங்க. மூணு இன்ச் கூட விட்டுத்தான் வெட்டணும்" என்பது அவருடைய கொள்கை. பெற்றவர்களுக்கும் இதில் பரம சந்தோஷம், ஒரே சட்டையில் இரண்டு வருடம் ஓட்டிவிடலாமே. பிள்ளைகளை யார் கேட்டார்கள்? இத்தனை வருடத் தொழிலில் இவர் ஒரு தப்பும் செய்ததில்லை. சட்டை இறுக்கினால் துணி சுருங்கிவிட்டது, தொளதொளத்தால் பிள்ளை இளைத்துவிட்டது. இவர் கத்தரிக்கோல் மட்டும் நிரபராதி.

இப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்தவள், வகுப்பிலேயே குள்ளமான எங்கள் மகள். வீட்டில் 'பொடிசு' என்று கூப்பிடுவோம். வயது பதினொன்று ஆகிறது. அப்பா தைத்த சீருடையைப் போட்டால் ஒன்பதுதான் மதிக்கலாம்.

காரில் அவளுக்குப் பூஸ்டர் சீட் உண்டு, பின்சீட்டின் மேல் வைத்து உயரம் கூட்டுகிற குட்டி இருக்கை. சீட் பெல்ட் பெரியவர்கள் அளவுக்குச் செய்தது. பிள்ளையை அந்தக் குட்டி இருக்கையில் ஏற்றி உட்காரவைத்தால்தான் பெல்ட் தோளில் சரியாக விழும். காலையில் இவர் கடைக்குப் போகிற வழியில் எங்கள் மகளையும், எதிர்வீட்டுப் பியூட்டி பார்லர்காரியின் மகளையும் பள்ளியில் இறக்கிவிடுவார். இருவரும் ஒரே வகுப்பு. எதிர்வீட்டுப் பெண் வெறும் சீட்டில்தான் உட்காருவாள். "எங்க பாப்பா ஆறு வயசுலயே அதெல்லாம் விட்டுட்டா" என்று பார்லர்காரி சொல்லும்போது, ஏதோ மகள் பட்டம் வாங்கிய மாதிரி முகத்தில் ஒரு பளபளப்பு வரும். பேஷியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தப் பட்டதாரி ஒருநாள் வகுப்பில் எழுந்து நின்று, "இவ இன்னும் பாப்பா சீட்லதான் வர்றா!" என்று அறிவித்துவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று சாயங்காலம் என் மகள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தாள்.

"நான் நடந்தே போறேன். அந்த சீட்ல இனிமே உக்கார மாட்டேன்."

குழந்தை அழுவதையும் பார்க்க முடியவில்லை, சீட்டை எடுக்கவும் மனம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: ஐம்பத்தேழு இன்ச் உயரம் வரட்டும். அப்புறமும் முதுகு ஒட்டி உட்கார்ந்தால் முட்டி சீட் ஓரத்தில் மடங்க வேண்டும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடைமேல் படிய வேண்டும், மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளில் போக வேண்டும். வயதைப் பார்க்காதீர்கள், ஊர் சொல்வதையும் கேட்காதீர்கள்.

இவ்வளவையும் வீட்டில் ஒப்பித்தேன். இவர் காதில் 'இன்ச்' மட்டும் விழுந்தது.

"அளவுன்னு வந்துட்டா என்கிட்ட விடு. ஊருக்கே அளவு எடுக்கறவன் நான், என் பொண்ணுக்கு எடுக்க மாட்டேனா?"

மறுநாள் கடைக்கு அவளைக் கூட்டிப்போய், வாடிக்கையாளர்கள் நடுவில் நிறுத்தி, டேப்பைப் பிடித்திருக்கிறார். ஐம்பத்தேழு. இருவரும் பரீட்சையில் ஜெயித்த மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

"போன மாசம் அலமாரி மேல்தட்டு எட்டலியே அவளுக்கு" என்றேன்.

"வளர்ற பிள்ளை இல்லையா" என்றார்.

பூஸ்டர் சீட் பரணுக்குப் போனது. ஒரு வாரத்தில் பொடிசு, பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்றாள். வேறு அப்பாவாக இருந்தால் சீட்டைக் கீழே இறக்கியிருப்பார். இவர் தையற்காரர் அல்லவா, பெல்ட்டுக்கு வெல்வெட்டில் ஓர் உறை தைத்தார். ஊதா நிறம், ஓரத்தில் இரட்டைத் தையல். கழுத்தை அறுக்கிற பெல்ட்டுக்குச் சட்டை போட்டு அழகு பார்த்த ஒரே ஆள் உலகத்திலேயே இவராகத்தான் இருக்கும். நான் கத்தியதற்கு, "வேணும்னா பார்டர் வெச்சுத் தரேன்" என்று பதில் வந்தது.

அதற்கடுத்த திங்கட்கிழமை, சந்துக்குள்ளிருந்து ஒரு பைக் குறுக்கே பாய்ந்தது. இவர் பிரேக்கை மிதித்தார். பைக் ஓட்டியவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். கார் எதிலும் இடிக்கவில்லை. பின்சீட்டில் என் மகள் மட்டும் சறுக்கிக் கீழே இறங்க, வெல்வெட் உறை ஒரு பக்கம் ஒதுங்க, பெல்ட் கழுத்தில் ஏறி நின்றது.

எதிர்வீட்டுப் பெண், "எனக்கு ஒண்ணும் இல்ல அங்கிள்" என்று பள்ளியில் இறங்கிப் போய்விட்டாள். எங்கள் மகள் இருமிக்கொண்டே இருந்ததால் இவர் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னாராம். குரல் கம்மியிருந்தது. கழுத்தில் ஒரு பக்கமாகச் சிவந்த கோடு. இந்த மனிதரை அப்போது நான் திட்டியதை எல்லாம் இங்கே எழுத முடியாது.

அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவினேன். மகளைக் கதவோடு ஒட்டி நிறுத்தினேன்.

"ஐம்பத்து நாலு" என்றேன்.

"இருக்காது. நான் எடுத்தப்போ..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். டேப்பைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிள்ளைகள் மேல் டேப்பை வைத்தால் மூன்றைக் கூட்டியே சொல்லிப் பழகிய வாய். சொந்தப் பிள்ளை என்று அதற்குத் தெரியுமா?

துணி சுருங்கிவிட்டது என்று சொல்வாரோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, பரணிலிருந்து சீட்டை இறக்கி, தூசு தட்டி, காரில் வைத்துவிட்டு வந்தார். மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா தப்பா அளந்துட்டேன்டா. நீ இன்னும் கொஞ்ச நாள் அதுல உக்காரணும்."

"எல்லாரும் சிரிப்பாங்கப்பா."

"சிரிப்பாங்கதான்" என்றார்.

சாயங்காலம், எதிர்வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். நானும் மகளும் பின்னாலேயே போனோம். பார்லர்காரி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். அவள் மகள் சீருடையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க பொண்ணுக்கும் சீட் வேணுங்க" என்றார் இவர், உட்காரக்கூட இல்லை.

"அய்யோ, அவதான் எப்பவோ விட்டுட்டாளே! நல்லா வளர்ந்துட்டாங்க."

பிள்ளை வளர்ந்துவிட்டது என்று பெற்றவர்கள் சொல்ல, இவர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் பிழைப்பே அந்தப் பேச்சில்தான் ஓடுகிறது.

"வளரலீங்க" என்றார். "சின்னப் பொண்ணுங்க அவ. என் பொண்ணும் சின்னப் பொண்ணுதான். நான்தான் பெரிசு பண்ணிச் சொல்லிட்டேன். காலைல பிரேக் அடிச்சப்போ ரெண்டு பேரும் பின்னாடி இருந்தாங்க."

"இவ ஒண்ணுமே சொல்லலியே!"

"மேல் பட்டனை அவ எப்பவும் போட மாட்டா. இன்னிக்குப் போட்டிருக்கா பாருங்க."

பார்லர்காரியின் சிரிப்பு நின்றது. சோபாவுக்குப் போய், மகளின் காலரில் கை வைத்தாள். அந்தப் பெண் இரண்டு கையாலும் காலரைப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பட்டனைக் கழற்ற முடிந்தது. அதே சிவந்த கோடு. காலையிலிருந்து அதை மறைத்துக்கொண்டு ஒரு பள்ளி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. என் மகளைத்தான் பார்த்தாள்.

"ஸ்கூல்ல சொல்லிடாதடி. என்னையும் பாப்பான்னு சொல்லுவாங்க."

கம்மிய குரலில் என் மகள், "சொல்ல மாட்டேன்" என்றாள்.