கழுதை கடித்த கரட்

காலில் போடும் சப்பாத்துக்குள் சாப்பாடு வைப்பார்கள் என்று கேள்விப்பட்ட நிமிடமே அம்மா ஒல்லாந்தரைத் தள்ளிவைத்துவிட்டார். எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா, அம்மா, நான் மூவரும் பாரிஸிலிருந்து பஸ் பிடித்து, நெதர்லாந்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்குச் சனி ஞாயிறு தங்கப் போயிருந்தோம். மார்கழி, அதாவது டிசம்பர், தொடங்கியிருந்தது.

அந்த நாட்களில் அங்கே சின்டர்கிளாஸ் என்ற வெள்ளைத்தாடிப் பெரியவர் கப்பலில் வந்து இறங்கி, வெள்ளைக் குதிரையில் கூரைக்குக் கூரை போவாராம். பிள்ளைகள் படுக்கமுன் ஒரு சப்பாத்தை ஹீட்டர் அருகே வைத்து, குதிரைக்கென்று ஒரு கரட்டையும் அதற்குள் செருகிவிட வேண்டும். விடியப் பார்த்தால் கரட் கடிபட்டிருக்கும், சப்பாத்துக்குள் சொக்லேட் இருக்கும். அதுவும் அவரவர் பெயரின் முதலெழுத்து வடிவில். இதையெல்லாம் எனக்கு விளக்கியவன் பெரியம்மாவின் மகன். என்னைவிட ஒரு வயது மூத்தவன். அந்த ஒரு வயதுக்காகத் தன்னை அண்ணா என்று என்னைக் கூப்பிடவைத்தவன்.

பெரியம்மா வீட்டு ஹீட்டருக்கு நேர்மேலே சாமிப் படங்கள் இருந்தன. அம்மா அதையும் பார்த்தார், சப்பாத்தையும் பார்த்தார்.

“சாமிக்குக் கீழை சப்பாத்து. அதுக்குள்ளை சாப்பாடு. ஏனக்கா, எங்கடை ஊரிலை அவ்வளவு பெரிய கோட்டை கட்டின ஒல்லாந்தருக்கு ஒரு கோப்பை கிடைக்கேல்லையோ?”

“இந்த நாட்டு முறையடி. பிள்ளையளின்ரை ஆசை.”

“என்ரை பிள்ளைக்கு வேண்டாம்.”

என் சப்பாத்து வாசலுக்கு வெளியே கிடந்தது. காலையில் அண்ணாவின் சப்பாத்தில் சொக்லேட் எழுத்து. எனக்கும் ஒன்று இருந்தது, ஆனால் சமையலறை மேசையில், ஒரு தட்டில். “சின்டர்கிளாஸ் உன்ரை அம்மாவுக்குப் பயந்து கோப்பையிலை வைச்சிட்டுப் போட்டார்” என்றார் பெரியம்மா. பஸ்ஸில் அதை வழிநெடுகத் தின்றுகொண்டு வந்தேன். மனம் மட்டும் ஆறவில்லை. தட்டில் வந்ததைக் குதிரை கொண்டுவந்தது என்று யாராவது நம்புவார்களா?

“அப்பா, அந்தக் குதிரை பாரிசுக்கும் வருமோ?”

அப்பா அரைத்தூக்கத்தில் இருந்தார். “வரும், வரும். குதிரையிட்டை ஆர் விசாப் பேப்பர் கேக்கிறது?”

எனக்கு அது போதும்.

பாரிஸின் லா சப்பலில் நாங்கள் இருந்தது லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. தெருவில் இறங்கினால் முருங்கைக்காய் முதல் தாலிக்கொடி வரை எல்லாம் தமிழில் வாங்கலாம். படியேறினால் எங்களைத் தவிரத் தமிழர் ஒருவரும் இல்லை. குடிவந்த மூன்றாம் மாதம் யாரோ எங்கள் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தார்கள். எங்கள் சமையல் மணம் படியெல்லாம் வருகிறதாம், தாங்க முடியவில்லையாம். எழுதியவர் ஒருவர்தான். அம்மாவோ முழுக் கட்டடமும் சேர்ந்து எழுதியதாக எடுத்துக்கொண்டார்.

அன்று முதல் எங்கள் வீட்டில் மிளகாய் வறுபடவில்லை. மேல் மாடிக்காரர் எல்லோரும் எங்கள் வாசலைக் கடந்துதான் இறங்க வேண்டும். காலடி கேட்டால், அது தேய்ந்து மறையும்வரை அம்மா கதவைத் திறக்கமாட்டார். புறநகரான லெ பிளாங்-மெனிலில் சொந்தக்காரருக்குப் பக்கத்தில் வீடு பாருங்கோ என்று அப்பாவை நச்சரித்தபடி இருந்தார். “எங்களை இஞ்சை ஒருத்தருக்கும் பிடிக்கேல்லை. பிடிக்காத இடத்திலை ஏன் கிடக்கவேணும்?” கடைசியில் அப்பாவும் இணங்கி, அந்த வாரமே ஒரு வீட்டைப் போய்ப் பார்ப்பதென்று பேசிவைத்திருந்தார்.

ஞாயிறு பின்னேரம் வீடு வந்தோம். சப்பாத்தை உள்ளே வைத்தால் அம்மா பிடித்துவிடுவார். ஆகவே வெளியே, கால்துடைப்பான்மேல் வைத்தேன். என்னிடமிருந்த ஒரே குளிர்காலச் சோடியில் வலது சப்பாத்து. அதற்குள் ஒரு கரட்.

திங்கட்கிழமை காலை, அப்பாவுக்கு லீவு, நித்திரை. குப்பைப் பையோடு கதவைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். சப்பாத்து நிரம்பியிருந்தது. மேலே பாதி கடித்த கரட். சிவப்பு நாடாவால் கட்டிய ஒரு சின்னப் பொட்டலம். கடதாசி சுற்றிய சீனிக்கட்டிகள். கறுப்பாக ஏதோ ஐந்து. நடுவில் உருண்டையாய் ஒரு பழம். மங்கிய படி வெளிச்சத்தில் அது அம்மாவுக்கு எலுமிச்சம்பழமாகவே பட்டது.

“செய்வினை” என்றார். குரல் உயரவேயில்லை. “பிள்ளையின்ரை சப்பாத்திலையே செய்துபோட்டாங்கள். நான் சொன்னனான்தானே.”

விளக்குமாற்றால் சப்பாத்தோடு அத்தனையையும் ஒரு பைக்குள் தள்ளி, மூன்று முடிச்சுப் போட்டு, கீழே முற்றத்துக் குப்பைத்தொட்டியில் எறிந்துவிட்டு ஓடிவந்தார். இடது சப்பாத்தையும் எறியத் தூக்கியபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

“நான்தான் வைச்சனான். குதிரைக்கு.”

அடி விழும் என்று நின்றேன். விழவில்லை. “கரட் நீ வைச்சாய். மிச்சம் ஆர் வைச்சது?” என்றபடி அம்மா என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

முற்றத்தில் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்டியன் பெண்மணி நின்றார். போர்த்துக்கல்காரி. அம்மா அவரிடம் ‘பொன்ஜூர்’ தவிர வேறொன்றும் பேசியதில்லை. அவர் கையில் என் சப்பாத்து! பையை அவிழ்த்து, சிதறியதையெல்லாம் திரும்ப அதற்குள் அடுக்கியிருந்தார்.

“ஆர் வைச்சதெண்டு கேள்.”

கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன்.

“விடிய வெள்ளணக் கழுதை வந்ததாம், அம்மா.”

“கழுதையோ?”

“ஓம். பிரான்சுக்கு அந்த வெள்ளைத்தாடிக்காரர் கழுதையிலைதான் வாறவராம். ஐஞ்சாம் மாடி நேர்ஸ் அக்கா பிரான்சின்ரை வடக்குப் பக்கமாம், அவவுக்குத்தான் அதைத் தெரியுமாம். இறங்கிப்போற ஆக்களையெல்லாம் எங்கடை வாசலிலை கழுதை மறிச்சு, ஏதும் போடச்சொல்லிக் கேட்டதாம். நேர்ஸ் அக்கா இனிப்புக் குடுத்தவவாம். நாயோடை போற நாலாம் மாடித் தாத்தா சீனிக்கட்டி. ஆறாம் மாடி அல்ஜீரியாக்காரர் பேரீச்சம்பழம். அந்த உருண்டைத் தோடம்பழம் இவவின்ரை.”

கார்டியன் இன்னும் ஏதோ சொன்னார். அதையும் சொன்னேன்.

“எங்கடை கதவு திறக்கிறதே இல்லையாம். ஒருக்காத் திறக்குமெண்டு கழுதை கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டதாம்.”

எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஒல்லாந்தருக்கு வெள்ளைக் குதிரை, எங்களுக்குக் கழுதை. அம்மா சப்பாத்தை வாங்கினார். அதற்குள் விரலை விட்டு, ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, அங்கேயே நின்று தின்றார். “மெர்சி” என்றார். கண் நிறைந்திருந்தது. திரும்பவும் “மெர்சி” என்றார்.

நாங்கள் இன்றும் அதே இரண்டாம் மாடியில்தான் இருக்கிறோம். மார்கழி வந்தால் அம்மா உளுந்துவடை சுட்டு ஆறு மாடிக்கும் அனுப்புவார். கொண்டுபோவது நான்தான். அந்தக் கடதாசியை எழுதியவர் யாரென்று இதுவரை தெரியாது. அவருக்கும் வடை போயிருக்கும். அந்தப் படிக்கட்டில் இறங்கியவர்கள் அத்தனை பேருக்கும் நான் பட்ட கடன் வடையால் தீராது.

அன்று அதொன்றும் விளங்கவில்லை. அப்பா எழும்பியதும் ஓடிப்போய் முறையிட்டேன்: “அம்மா என்ரை பேரீச்சம்பழத்தைத் திண்டிட்டா. சப்பாத்துக்குள்ளை இருந்து எடுத்து.”

“சப்பாத்துக்குள்ளை இருந்தோ?” அப்பா இரண்டு தரம் கேட்டார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, லெ பிளாங்-மெனில் வீட்டைப் பார்க்க வரவில்லை என்று சொன்னார்.

நான் மிச்சம் நாலு பேரீச்சம்பழத்தையும் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்தேன், அம்மா அதையும் தின்றுவிடுவார் என்று பயந்து.