டிகரி நான்ஸின் நான்காவது ஞாயிறு

அல்ஜியர்ஸில் பதினோரு வருடம் அடிமையாய்க் கிடந்துவிட்டு, சரக்குக் கப்பலில் ஒளிந்து தப்பித்து, டிகரி நான்ஸ் கார்ன்வால் கரையிலிருக்கும் தன் மீன்பிடி ஊருக்கு வந்து சேர்ந்தான். ஊரே கூடிவிட்டது. சங்கிலி, சவுக்கு, பட்டினி என்று கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவனோ, ஒரு கிழவருக்குக் கப்பல் பாய் தைத்துக் கொடுத்தேன், அவர் ஒருநாளும் கை நீட்டியதில்லை என்றான். ஜனங்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். அடிமைகளோடு கப்பலில் துடுப்பு வலிப்பதிலிருந்து தப்பிக்க அங்கே இஸ்லாத்தில் சேர்ந்ததையும் பாதிரியாரிடம் ஒப்புக்கொண்டான். மூன்று ஞாயிறு வெள்ளைத் துணி போர்த்தி, வெள்ளைக் கோல் பிடித்துக் கோயிலில் நின்று பரிகாரம் செய்யவேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

பெற்றவர்கள் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிச்சமிருந்தது அக்கா ஜெனிஃபர் ஒருத்திதான். அவள் புருஷன் பாஸ்கோ அவனை வலைக் கொட்டகையில் படுக்கச் சொன்னான்.

"மொதல்ல மூணு ஞாயிறு முடியட்டும் மச்சான். நாலாவது ஞாயிறு எங்க பெஞ்சுல வந்து உக்காரு. அப்பிடியே வீட்டுக்கு வந்து சாப்பிடு. ஊர் வாயை மூடணுமில்ல?"

டிகரி நின்றான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எனக்காக ஜெபியுங்கள் என்று கெஞ்சினான். கூடப் பிறந்தவளோடு ஒரு மேஜையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

நான்காவது ஞாயிறு முகம் மழித்து, பாஸ்கோவின் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாய் வைத்தான். தலையில் தொப்பியோடு, வெறுங்காலோடு உள்ளே நடந்தான். பதினோரு வருட மசூதிப் பழக்கம், கால் அதுபாட்டுக்குச் செய்துவிட்டது. இந்த ஊரில் சேற்றுக் காலணியோடு கடவுள் முன்னால் போகலாம். தொப்பியோடுதான் போகக்கூடாது.

"துருக்கன் வந்துட்டான்டோய்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"தொப்பியை எடு டிகரி, தொப்பி!" என்று ஜெனிஃபர் பதறினாள். அவன் எடுப்பதற்குள் பாஸ்கோ, குடும்பத்துக்கென்று பலகை அடைத்த பெஞ்சின் குட்டைக் கதவைச் சாத்திவிட்டான். டிகரி கடைசித் தூணோரம் போய் நின்றான். மூன்று வாரம் போர்வைக்குள் நின்றபோதுகூட அவனுக்கு இப்படி வலிக்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் ஜெனிஃபர் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னிக்கு வீட்டுக்கு வராதே. அவர் பிடிவாதமா இருக்கார். கொஞ்ச நாள் போகட்டும்டா."

"சரிக்கா."

"கோவமா?"

"இல்லக்கா. அங்க தினமும் சாப்பிடறப்ப, எதிர்ல நீ உக்காந்திருக்கறதா நெனச்சுக்குவேன். அப்பிடித்தான் பதினோரு வருஷம் சாப்பாடு எறங்கிச்சு. இன்னும் கொஞ்ச நாள் அப்பிடியே சாப்பிட்டுக்கறேன். நீ போ, மாமா காத்திருப்பார்."