உளறும் பிரிண்டரும் ரஞ்சனியும்

எங்கள் கம்பெனியில் ரஞ்சனியிடம் திட்டு வாங்காதவர்கள் இரண்டே வகை. அன்று லீவில் இருந்தவர்கள், இன்னும் வேலைக்குச் சேராதவர்கள். பிரிண்டரில் நமுத்துப்போன பேப்பரை வைத்தால் திட்டுவாள். சிக்கிய பேப்பரை வெடுக்கென்று இழுத்தவன் எந்தப் பதவியில் இருந்தாலும் நிற்க வைத்துக் கேட்பாள். குவாலிட்டி பிரிவில் இருக்கும் கலைமணியாகிய நான் வாங்கியதற்குக் கணக்கே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், ஒரகடம் பக்கத்தில் பிரிண்டர் ரிப்பேர் பார்க்க அவளைப் போல ஆள் கிடையாது.

மணிமங்கலத்துக்காரி. முன்பு ஒரு செல்போன் கம்பெனி லைனில் நின்றவள். அங்கே லேபிள் அடிக்கும் பிரிண்டர் மக்கர் பண்ணும்போதெல்லாம், டெக்னீஷியன் வருவதற்குள் இவளே திறந்து சரி செய்துவிடுவாளாம். “உன் வேலையப் பாரும்மா” என்று சூப்பர்வைசர் கத்துவாராம். ஒருநாள், இதுதான் தன் வேலை என்று முடிவு கட்டி, கம்பெனியை விட்டுவிட்டு ஒரு ஸ்கூட்டி வாங்கினாள். படப்பையிலிருந்து வல்லக்கோட்டை வரை ஜெராக்ஸ் கடையும் பள்ளிக்கூடமுமாகச் சுற்றுகிறாள். பெரிய இடம் என்றால் எங்கள் கம்பெனி ஒன்றுதான். அவள் தொழில் நிற்பதே எங்கள் காண்ட்ராக்டின் மேல்தான்.

ஆயுத பூஜை லீவு முடிந்து திறந்த அன்று காலை, எங்கள் அறைப் பிரிண்டர் உளற ஆரம்பித்தது. எங்களிடம் உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் பழைய மிஷின் ஒன்று உண்டு. அதிலிருந்து நேராக ஒயர் போய் பிரிண்டரில் ரிப்போர்ட் வரும். ஒரு பக்க ரிப்போர்ட் கேட்டேன். கட்டம், கொக்கி, கேள்விக்குறி என்று எந்த ஊர் எழுத்தோ தெரியாமல் பக்கம் பக்கமாகக் கக்கியது. குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்த கதையாக, இருந்த பேப்பரையும் தின்று தீர்த்தது. ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு கேட்டைத் தாண்டாது.

நிர்வாக மேனேஜர் தசரதன் சார், சென்னையிலிருந்து ஒரு சர்வீஸ் கம்பெனி ஆளை வரவழைத்துவிட்டார். எங்கள் காண்ட்ராக்டுக்கு அவர்கள் நெடுநாளாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர்கள். அந்த ஆள் மூடியைக்கூடத் திறக்கவில்லை. “போர்டு போச்சு, புது மிஷின்தான் வாங்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகுதான் ரஞ்சனிக்குப் போன் போனது. ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

“லஞ்சுக்குள்ள சரி பண்ணிடும்மா. முடியலன்னா இந்த வருஷத்துலருந்து அவங்களுக்குத்தான் காண்ட்ராக்ட்” என்றார் தசரதன் சார்.

“லஞ்ச் எதுக்கு சார்? டீ வர்றதுக்குள்ள முடிச்சிடறேன்” என்றாள்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள். “இது போச்சுன்னா நான் மறுபடியும் கம்பெனி பஸ் ஏறணும்ண்ணா. ஏற மாட்டேன், பாத்துக்கினே இரு.”

முதலில் பிரிண்டரைத் தானாகவே ஒரு சோதனைப் பக்கம் அடிக்க வைத்தாள். பளிச்சென்று வந்தது. ஒயரை மாற்றினாள். பழையபடி உளறல். தன் லேப்டாப்பைச் செருகி அடித்தாள். அதுவும் சுத்தமாக வந்தது. “மிஷின் நல்லா கீது, ஒயரும் நல்லா கீது. அப்புறம் இன்னாத்துக்கு இந்தக் கூத்து?” என்று முனகிக்கொண்டே பேப்பர் தட்டை உருவி உள்ளே எட்டிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது.

“போன மாசம் பேப்பர் இழுக்கற ரோலரு புதுசு போட்டேனே, எங்க அது? இது தேஞ்சுபோன பழசு! எவன் கழட்டினான்?”

அதே ரோலர் போடும் இன்னொரு பிரிண்டர், சரக்கு அனுப்பும் டிஸ்பாட்ச் அறையில்தான் உண்டு. நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்த அந்த அறைக்குள் நுழைந்துவிட்டாள். அங்கிருக்கும் பிரிண்டரின் தட்டை உருவினால், உள்ளே அவள் போட்ட புது ரோலர்!

“திருட்டு வேலையா பண்ற?” என்று பிரசன்னாவின் மேல் பாய்ந்தாள். அந்த அறையில் பில் போடுகிறவன் அவன்.

“ஐயோ அக்கா, நான் ஸ்க்ரூ டிரைவரையே தொட்டதில்ல!”

ரஞ்சனி அந்தப் பிரிண்டரை மேலும் கீழும் பார்த்தாள். அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. மாறியது ரோலர் இல்லை, பிரிண்டரே மாறியிருக்கிறது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். ஆனால் எங்கள் பழைய அளவு மிஷின் பேசும் பாஷை, எங்கள் பிரிண்டருக்குத்தான் புரியும். டிஸ்பாட்ச் பிரிண்டருக்குப் புரியாது. எங்களுடையது இரண்டு பாஷையும் தெரிந்தது என்பதால் பிரசன்னாவின் பில்லை ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. அதனால் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

“பூஜைக்கு ஹாலுக்குத் தூக்கினு போயி, திருப்பி மாத்தி வெச்சவன் எவன்? இப்பவே எனக்குத் தெரியணும்!” சத்தம் கேட்டு தசரதன் சாரே எழுந்து வந்துவிட்டார்.

டீத் தட்டோடு நின்ற ஆபீஸ் உதவியாளர் மண்ணாங்கட்டி மெதுவாகச் சொன்னார்: “நீதாம்மா.”

“நானா?”

“நாங்க தொட்டா ஒடஞ்சிடும்னு சொல்லிட்டு, நீதான துடைச்சி, சந்தனம் பொட்டு வெச்சி, பூஜ முடிஞ்சதும் ரெண்டையும் திருப்பித் தூக்கினு வந்து ரூம்ல வெச்ச?”

ஏதோ செட்டிங் கோளாறு என்று சொல்லி, இவள் சத்தமில்லாமல் மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இப்படி ஊரைக் கூட்டியா கேட்பது? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான், அதற்காக மேனேஜர் எதிரிலா தெரிய வேண்டும்!

ரஞ்சனி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

“ஏன் சார், இந்த ரஞ்சனின்னு ஒருத்தி கீறாளே, அவளுக்குக் கண்ணு இன்னா முதுகுலயா கீது? மிஷினத் தூக்கறவ எது எந்த ரூமுதுன்னு பாக்க மாட்டாளா? ஊர்ல கீறவனையெல்லாம் திட்டத் தெரியுதுல்ல? நல்லா கேளுங்க சார் அவள!”

எங்களைத் திட்டும் அதே குரல், அதே வேகம். சலுகையே இல்லை. திட்டிக்கொண்டே எங்கள் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அதன் இடத்தில் வைத்தாள். நான் பட்டனை அழுத்தினேன். ஒரே பக்கம், சுத்தமான எண்களோடு வந்து விழுந்தது.

தசரதன் சார் அதை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “போர்டு போச்சுன்னு சொன்னாரே அந்த ஆளு?”

“போர்டு எங்கயும் போகல சார். நான்தான் மாத்தி வெச்சேன்.”

அவர் ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவளும் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அடுத்த ஆயுத பூஜைக்கு மட்டும் இந்தப் பக்கம் வராதம்மா” என்றார் கடைசியில். “மத்த நாளெல்லாம் நீதான் வரணும்.”

ரஞ்சனி டூல் பையைத் தோளில் மாட்டினாள். “சரி சார். பொரிய மட்டும் வூட்டுக்கு அனுப்பிடுங்க.”