ஆட்டு வயிற்றில் கிடைத்த கள்ளி விதை

எங்கள் காட்டுக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணன் காட்டுக்கும் நடுவே சப்பாத்திக்கள்ளி வேலி நின்றவரை எங்கள் குடும்பத்தில் ரத்தம் சிந்தவில்லை. பாகம் பிரித்த அன்றே என் மாமனார் நட்டு வைத்த வேலி அது. நான் கல்யாணமாகி வெள்ளகோவில் பக்கம் அந்த மேட்டாங்காட்டுக்கு, மழையை நம்பி உழுகிற நிலத்துக்கு, வந்தபோது ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. பாம்பு குடியிருந்தது, கீரி குடியிருந்தது, நாய்கூட உள்ளே நுழையாது. மூலையில் இருந்த எல்லைக்கல்லை அது எப்போதோ விழுங்கிவிட்டது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கள்ளி நிற்கிற இடம்தான் எல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த வேலியை அழித்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். கள்ளி வேலியோடு நிற்கிற சாதியா? எங்கள் கொறங்காட்டில், மாடு மேய்கிற புல்தரையில், பாதியை அது பிடித்துக்கொண்டது. கள்ளியைத் தின்கிற பூச்சி ஒன்றைச் சர்க்கார் ஆட்கள் குளத்தங்கரையில் விட்டிருக்கிறார்கள் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. இவர் போய்ப் பூச்சி பிடித்த மட்டை ஒன்றைக் கம்பில் குத்தி எடுத்து வந்து கொறங்காட்டுப் புதரில் போட்டார். மட்டையின் மேல் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. விரலால் நசுக்கினேன். ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு நகக்கண்ணில் ஏறிக்கொண்டு, கழுவியும் போகவில்லை. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை இவர் நிஜமாகவே செய்தார்.

கொறங்காடு சுத்தமானது உண்மைதான். அது முடிந்ததும் பூச்சி வேலிக்கு வந்தது. பூச்சிக்குப் புதர் எது, வேலி எது என்று தெரியுமா? அடுத்த கோடைக்குள் வேலி முழுவதும் அழுகிச் சரிந்து, நாறிப் போய், காய்ந்து சக்கையானது. இரண்டு காடும் ஒரே காடாகத் தெரிந்தது.

அந்த வருஷ உழவிலேயே ஆரம்பித்தது. பெரியவர், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், பழைய வேலித் தடத்தைத் தாண்டி ஏர் ஓட்டினார். இவர் போய் மறித்தார். இரண்டு பேரும் சேர்ந்து மூலைக்கல்லைத் தேடி மண்ணை வெட்டினார்கள். கல் கிடைக்கவில்லை, வாய்ச்சண்டைதான் கிடைத்தது. எங்கள் பக்கத்துச் சண்டையைக் கேட்டால் வெளியூர்க்காரன் சிரிப்பான். "அண்ணா, இன்னொரு சால் ஓட்டுனீங்கன்னா உங்க தலையச் சீவிப்போடுவேனுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார் இவர். பெரியவர் மாட்டை நிறுத்தினார். மாடு ஓட்டுகிற, ஆணி வைத்த தார்க்குச்சியால் இவர் முகத்தில் இழுத்தார். கன்னம் பிளந்து பல் வெளியே தெரிந்தது. இவர் கையில் கிடைத்த கல்லை எடுத்து வீசினார். அது பெரியவரின் காங்கேயம் காளையின் கண்ணில் பட்டு, கண் உடைந்து ஒழுகியது. பெற்ற பிள்ளையை அடித்திருந்தால்கூடப் பெரியவர் பொறுத்திருப்பார். அந்தக் காளை வலியில் ஏரோடு ஓடிய ஓட்டம் இன்றும் எனக்குள் ஓடுகிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அரிவாள் கதவுக்குப் பின்னால் நின்றது. அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். வேலி திரும்ப வராவிட்டால் நான் தாலியறுப்பேன், இல்லாவிட்டால் பெரியவரின் மனைவி, என் ஓரகத்தி, அறுப்பாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரில் எல்லோரையும்போல வேலிக்குக் கிளுவைக் குச்சி வெட்டி வந்து நட்டோம். மறுநாள் பார்த்தால் அத்தனையும் பிடுங்கிக் குவித்துத் தீ வைத்திருந்தார் பெரியவர். மறுபடி நட்டோம், மறுபடி எரித்தார். நட்ட அன்றே கண்ணில் படுகிற எதையும் அவர் விடமாட்டார் என்று புரிந்தது. முள் வைக்கும்வரை கண்ணில் படாத ஒன்று வேண்டும். எனக்குக் கள்ளியைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

காரமடைப் பக்கம் என் பிறந்த வீட்டுக்குப் போய் அங்கே மிச்சமிருந்த கள்ளியில் மட்டை ஒடித்து வந்தேன். வீட்டுக்குப் பின்னால் நட்டுப் பார்த்தால், வேர் பிடிப்பதற்குள் அதிலும் வெள்ளைப் பஞ்சு. எந்த மட்டையை எடுத்தாலும் பூச்சியும் கூடவே வந்தது. பழத்துக்குள் இருக்கிற விதையில் மட்டும் பூச்சி ஏற முடியாது. கள்ளியை விதை போட்டு வளர்க்கிறேன் என்று என் அம்மாவிடம் சொன்னதும், "கல்யாணமாகிப் புத்தி கெட்டுப்போச்சா கண்ணு? அதைய யாராச்சும் வெதைப்பாங்களா?" என்றாள். அவள் கேட்டதும் நியாயம்தான். கள்ளியை ஒடித்துப் போட்டால் வளரும். அதற்கு விதை உண்டு என்பதே பழம் தின்கிற பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

நான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி. பழத்தைத் தரையில் புரட்டித் தேய்த்து முள்மயிரை எடுக்கவும், உள்ளே நடுவில் இருக்கிற நட்சத்திர முள்ளைக் கிள்ளி எறியவும் எனக்கு நன்றாகத் தெரியும். விதையை எடுத்து உடைந்த சட்டியில் மணல் போட்டு விதைத்தேன். மாதக்கணக்கில் தண்ணீர் தெளித்தும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதையா அது, கல். ஆத்திரத்தில் சட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போனபோதுதான் ஆட்டுப்பட்டியின் ஓரத்தில், பழைய புழுக்கைக் குவியலில், பச்சையாக ஏதோ முளைத்திருப்பதைப் பார்த்தேன். கிளறினால் அடியில் கள்ளி விதையின் ஓடு. ஆட்டின் வயிற்றுக்குள் போய் வந்தால்தான் அந்தக் கல் இளகும்போல. இருந்த பழத்தையெல்லாம் கூடையில் பறித்து வந்தேன். அதற்குள் பூச்சி அங்கேயும் பாதியைத் தின்றிருந்தது. அடுத்த வருஷம் பழம் இருக்காது என்று தெரிந்தே பறித்தேன்.

என்னிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. அடுப்பில் முள்ளைப் பொசுக்கிப் பழத்தைக் கொடுத்தால் வாயெல்லாம் சிவக்கத் தின்றது. கடைசிப் பழத்தையும் தின்ற அன்று அது கயிற்றை அறுத்துக்கொண்டு பெரியவர் காட்டுக்குள் போய்விட்டது. நடுவில் வேலியில்லை, அதற்கு எப்படித் தெரியும்? பெரியவர் அதன் கழுத்தில் ஒரே வெட்டு வெட்டி, இழுத்து வந்து எங்கள் வாசலில் போட்டார். "காளைக் கண்ணுக்கு ஆட்டுத் தலை" என்றார். என் வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னால் கை நீட்டினார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு கத்திய கத்தலில் பெரியவர் போய்விட்டார்.

அழுகை வரவில்லை. வெறிதான் வந்தது. அந்த ஆட்டை யாரும் சமைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சூடு ஆறுவதற்குள் வயிற்றை நானே கிழித்தேன். முழங்கை வரை ரத்தத்தில் கையை விட்டு, இரைப்பையைப் பிதுக்கி, குடலை உருவி, பழச்சக்கையோடு கிடந்த விதையை ஒன்று விடாமல் எடுத்தேன். பார்த்துக்கொண்டிருந்த இவர் வாசலைத் தாண்டிப் போய் வாந்தி எடுத்தார். நான் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி உலர வைத்தேன்.

ஐப்பசி மழை விழுந்த ஈரத்தில், புல் அறுக்கப் போகிறவள்போலப் போய், பழைய வேலித் தடம் முழுவதும் அந்த விதையைத் தூவிவிட்டு வந்தேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. கொஞ்சத்தை மட்டும் ஒரு சட்டியில் போட்டுக் கோழிக்கூண்டின் மேல் வைத்தேன். இந்த முறை முளைத்தது! முளைத்ததைப் பார்த்தால் கள்ளி என்று யாரும் சொல்லமாட்டார்கள். தடித்த இரண்டு இலை, பருப்புக்கீரை மாதிரியே பளபளப்பு. நடுவில் உற்றுப் பார்த்தால் மட்டும் பூனைமயிர்போல மெல்லிய முள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். தடத்திலும் முளைத்திருந்ததைப் பெரியவர் மிதித்துக்கொண்டு நடந்தார், அவருக்குத் தெரியவில்லை.

அவருக்குத் தெரியவில்லை என்று சந்தோஷப்பட்ட நான், என் ஓரகத்திக்கும் தெரியாது என்பதை யோசிக்கவில்லை. ஆடு பகை, குட்டி உறவு என்பதுபோல ஆண்கள் வெட்டிக்கொண்டாலும் எனக்கும் அவளுக்கும் பகையில்லை. கிணற்றடியில் ஆள் இல்லாதபோது பேசிக்கொள்வோம். மழைக்குப் பிறகு வரப்பிலும் தடத்திலும் முளைக்கிற கீரை பொதுச்சொத்து. இந்தப் பக்கத்துப் பெண்ணும் பறிக்கலாம், அந்தப் பக்கத்துப் பெண்ணும் பறிக்கலாம். அவள் மடி நிறைய, பருப்புக்கீரையோடு சேர்த்து என் கள்ளிக் கன்றுகளையும் வழித்துப் பறித்துக்கொண்டு போய், பருப்புப் போட்டுக் கடைந்து புருஷனுக்குச் சோற்றில் ஊற்றியிருக்கிறாள்.

சட்டியோடு நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இருமி இருமிக் கண் சிவந்து, அரிவாளோடு ஓடி வந்தார். நாக்கு வீங்கிப் பேச்சு குழறியது. வாயெல்லாம் முள்மயிர். "வெசம் வெச்சுப்போட்டீங்களாடி?" என்று கேட்டு, என் முன்னாலிருந்த சட்டியில் அதே கீரை முளைத்திருப்பதைப் பார்த்தார். இனி என்ன சாட்சி வேண்டும்? அரிவாள் மேலே போனது. என் வீட்டுக்காரர் காட்டிலிருந்தார்.

"நாந்தானுங்க பறிச்சேன்! அவ ஒண்ணும் பண்ணலீங்க!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வந்த ஓரகத்தி, இறங்கிய அரிவாளை வெறுங்கையால் பிடித்தாள். சத்தம் பெரிதாக இல்லை, முருங்கைக்காய் நறுக்குகிற மாதிரிதான் கேட்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் அவள் கையில் இருந்தன. மற்ற விரல்கள் என் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தன. அவள் அதைப் பார்த்து, "ஏனுங்க, இதென்னங்க இப்படி ஆயிப்போச்சு?" என்று புருஷனிடமே கேட்டாள். என்னால் அதை மட்டும் மறக்கவே முடியவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த என் வீட்டுக்காரர் பெரியவரின் வண்டியைப் பூட்டினார். அண்ணன் அவளை மடியில் தாங்கிக்கொள்ள, தம்பி ஓட்டினார். ஒற்றைக் கண் காளைதான் வண்டியில் இருந்தது.

கை ஆறி வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். அது கள்ளி என்று சொன்னேன். "உங்கிட்ட மிச்சமிருக்குதே, அது வளர எத்தனை நாளாகும் அம்மணி?" என்றாள்.

"வருசமாகுமுங்க அக்கா. முள்ளு வெக்கவே ரண்டு மூணு வருசமாகும்."

"அதுக்குள்ள இதுக ரண்டும் ஒண்ணையொண்ணு தின்னுபோடும்" என்றாள்.

சட்டியிலிருந்த கன்றுகளை இரண்டு பேரும் சேர்ந்தே பழைய வேலித் தடத்தில் நட்டோம். அதன் பிறகு ஒவ்வொரு உழவுக்கும் அவள் வந்து அந்தக் கன்றுகளுக்குப் பக்கத்தில், தடத்தின் மேல், விரல் போன கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பெரியவரின் ஏர் வரும். அவளுக்கு ஒரு முழம் முன்னாலேயே மாட்டைத் திருப்பிக்கொண்டு போவார், அவள் முகத்தைப் பார்க்கமாட்டார். இந்தப் பக்கம் இவரும் அப்படியே. நானும் வேலையைப் போட்டுவிட்டு அவளோடு போய் உட்காருவேன். வெற்றிலை மென்றுகொண்டு எல்லாக் கதையும் பேசுவோம். என் வாழ்க்கையில் நான் நன்றாகச் சிரித்தது அந்தத் தடத்தின் மேல் உட்கார்ந்துதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கன்று முள் வைத்தது, மட்டை மேல் மட்டை போட்டது, இடுப்பைத் தாண்டியது, தலையைத் தாண்டியது. தின்னக் கள்ளி கிடைக்காமல் பூச்சி எப்போதோ ஒழிந்திருந்தது. ஏர் தானாகவே திரும்பியது, யாரும் உட்கார வேண்டியிருக்கவில்லை. நான் கேட்ட வேலி வந்துவிட்டது. ஒருநாள் அந்தப் பக்கத்திலிருந்து, "அம்மணி, இருக்கறயா?" என்று குரல் கேட்டது. இருக்கிறேன் என்றேன். முள்ளுக்கு நடுவில் எங்கே பார்த்தும் அவள் முகம் தெரியவில்லை. சுற்றிக்கொண்டு வரலாமென்றால் ஊர்வழியாகத்தான் வரவேண்டும், அவளுக்கு அப்போது முழங்காலும் போய்விட்டது.

எனக்கு வந்ததே கோபம். வீட்டுக்குள் போய்க் கதவுக்குப் பின்னாலிருந்த அரிவாளை எடுத்து வந்து வேலியை வெட்டினேன். முகத்திலும் கையிலும் முள் ஏற ஏற வெட்டினேன். இந்தப் பக்கம் என் வீட்டுக்காரரும் அந்தப் பக்கம் பெரியவரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி ஆனதும் அரிவாளைப் போட்டுவிட்டுக் கையை நீட்டினேன். அவள் அந்த இரண்டு விரலால் என் கையைப் பிடித்துக்கொண்டு, சேலையைப் பார்த்துப் பார்த்து உள்ளே வந்தாள்.