கடல் எச்சரிக்கையில் என் பெயர்

தூத்துக்குடி வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தபோது ஒலிபரப்புக்கென்று வேறொரு பெயரை வைத்துக்கொண்டேன். யாரும் வற்புறுத்தவில்லை. திருமுழுக்கில் எனக்கு இட்ட பெயரும், அதன் பின்னால் வரும் குடும்பப் பெயரும் போர்த்துக்கீசியர் வழியாக இந்தக் கரைக்கு வந்தவை. தமிழ் இலக்கியம் பயின்ற செருக்கில், நான் வாசிக்கும் உரைநடையில் அவ்விரண்டும் பொருந்தாமல் துருத்தி நிற்பதாக எண்ணினேன். சிறிய தமிழ்ப்பெயர் ஒன்றைத் தேர்ந்தேன். எங்கள் ஊராகிய புன்னைக்காயலில் அந்தப் பெயர் எவருக்கும் இல்லை.

மாலையில் மீனவர்க்கான வானிலை அறிவிப்பை வாசிப்பது என் பணிகளுள் ஒன்று. காற்று வலுக்கும் என்றால் விசைப்படகுகளை அரசு நிறுத்திவிடும். அப்பாவுடையது உள்ளிட்ட எங்கள் ஊர் நாட்டு வள்ளங்கள் அப்படியல்ல. போவதும் நிற்பதும் அவரவர் துணிவு. இப்போது கைப்பேசியிலும் எச்சரிக்கை வருகிறது. ஆயினும் வானொலியைக் கேட்ட பிறகுதான் கரையில் பேச்சுத் தொடங்கும். நான் வாசிக்கும் தமிழும் வீட்டில் பேசும் தமிழும் வேறு வேறாக இருந்தமையால், குரலை வைத்தும் என்னை எவரும் இனங்காணவில்லை. எனக்குத் தூத்துக்குடியில் ஏதோ வேலை என்பதற்கு மேல் ஊருக்குத் தெரியாது.

மீன் ஏலம் எடுக்கக் கரையில் நிற்கும் பெண்கள் அந்தக் குரலைப் பழிப்பதை அம்மா அவர்களோடு நின்று கேட்டிருக்கிறாள்.

“கச்சான்னு சொன்னா முடிஞ்சி போச்சி. ‘தென்மேற்குத் திசையினின்று வலுத்த காற்று’ங்கா. புத்தகத்துல அடிக்கிற காத்து போல.”

“அவ கடலக் கண்டிருப்பாளோ என்னவோ. இங்கன வந்து ஒரு நாளு வள்ளத்துல ஏறச் சொல்லு, பொறவு தெரியும்.”

இவற்றையெல்லாம் அம்மா எனக்கு நடித்துக் காட்டுவாள். நாங்கள் சிரிப்போம்.

ஓர் ஆடி மாதத்தில் அந்தச் சிரிப்பு நின்றது. நான் எச்சரிக்கை வாசித்த மறுநாள் கடலுக்குப் போன வள்ளம் ஒன்று காற்றில் கவிழ்ந்தது. அதிலிருந்த இருவரும் கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் கிடந்து, வேறொரு வள்ளத்தாரால் உயிரோடு மீட்கப்பட்டனர். ஒருவர் எங்கள் தெருக்காரர். ‘எந்த ஊருக்காரியோ சொல்லுதா, அதுக்கு நாம நிக்கணுமா’ என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார் என்று அவர் மனைவி அம்மாவிடம் அழுதாராம்.

அந்த ஞாயிறு நான் வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா சொன்னாள்: “ஏளா, நீ ஓம் பேரச் சொல்லியிருந்தா அவரு கொஞ்சம் யோசிச்சிருப்பாருல்லா. நம்ம ஊருப் பிள்ள சொல்லுதேன்னு.”

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அப்பா நிமிராமலே கேட்டார்: “சொல்லி, காத்து வரலன்னா? ஒரு நாள் பாடு போச்சேன்னு ஊரே நம்ம வீட்டத்தான் ஏசும். இப்ப ஏசுதவனுக்கு யார ஏசுதோம்னு தெரியாது. நமக்கும் நோவல.”

இருவர் சொன்னதிலும் பிழை காண என்னால் இயலவில்லை. வானிலைக் கணிப்புச் சில நாள் பொய்க்கும். அந்த நாள்களில் புனைபெயர் எங்கள் வீட்டுக்குக் கதவாக இருந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் நான் பிறரைப் போகாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நிலையப் பொறுப்பாளரிடம் என் சொந்தப் பெயரில் வாசிக்க இசைவு கேட்டேன். “கேட்கிறவங்க புது ஆள்னு நினைப்பாங்களே” என்றார், பிறகு இசைந்தார்.

அடுத்த எச்சரிக்கை ஐப்பசியில் வந்தது. அன்று மாலை, வாசிப்பவர் பெயராகத் திருமுழுக்குப் பெயரையும் குடும்பப் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் எங்கள் கரையிலிருந்து ஒரு வள்ளமும் போகவில்லை. கடல் குளம் போலக் கிடந்தது.

கரையில் நடந்ததை அம்மா தொலைபேசியில் சொன்னாள். “அண்ணாச்சி, ஒம்ம மக அந்தக் காத்த எங்கன கட்டி வச்சிருக்கா? அவுத்து விடச் சொல்லும்” என்று ஒருவர் அப்பாவைக் கேட்க, கரையே சிரித்திருக்கிறது. சிரிக்காத ஒருவர், “எம் பிள்ளைகளுக்கு இன்னைக்கு ஒம்ம வீட்டுல சோறு ஆக்கியிருக்கா?” என்று கேட்டாராம்.

அன்று மாலை எச்சரிக்கை மேலும் ஒரு நாளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஒலிபரப்புக்கு முன் அப்பாவை அழைத்தேன்.

“நாளைக்கும் போவக் கூடாதுன்னுதான் வந்திருக்குப்பா. பழைய பேர்லயே வாசிச்சிரட்டுமா?”

“நேத்து ஒரு ஆளு, இன்னைக்கு ஒரு ஆளா? ஒன்ன நம்பி இன்னைக்கு நின்னவன் என்ன நெனப்பான்?” என்றார். பிறகு, “வாசி” என்றார்.

என் பெயரிலேயே வாசித்தேன்.

மறுநாள் காலையிலும் காற்று வரவில்லை. பல வள்ளங்கள் கடலுக்குப் போயின. அப்பாவின் வள்ளம் போகவில்லை.