தோல் பட்டறை பாய்லர்

அறுபதுகளில் மாட்டுங்காவில் பொறியியல் படித்தேன். பொருளாதாரப் பாடத்துக்காக, தாராவித் தோல் பட்டறை ஒன்றின் பழைய பாய்லரை மாற்ற வேண்டுமா என்று கணக்குப் போட்டேன். "இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம், அதான் லாபம்" என்று முதலாளி காதர் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே பாய்லர் அதிர்ந்தது. குழாய் வெடித்து, பட்டறை முழுக்க ஆவி சூழ்ந்தது.

"வெளிய ஓடுங்க தம்பி! மாரி உள்ள நிக்கான், கரி போடுதவன்!" என்று என்னைத் தெருவில் தள்ளிவிட்டு அவர் திரும்ப ஓடினார்.

நான் எதிர்ச் சுவரோடு ஒண்டிக்கொண்டேன்.

ஒருவழியாக மாரியைத் தாங்கிப் பிடித்தபடி அவர் வெளியே வந்தார். இருவர் கைகளும் வெந்திருந்தன. "பயந்துட்டியளா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

வட்டி, கரி விலை, தேய்மானம் எல்லாம் என் கணக்கில் இருந்தன. பாய்லர் முன்னால் ஓர் ஆள் நிற்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்றும் ஒரு கணக்கில் கையெழுத்திடும்முன் அந்தப் பயம் வந்துவிடும். அதை நான் விரட்டுவதில்லை.